இரண்டாம் முறை எடுத்த பூ

கண்ணு,

திங்கட்கிழமை காலை நீ ரயில் ஏறுகிறாய். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சையில் மேல்படிப்பு. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களின் வார்டில்தான் உன்னைப் போடப்போகிறார்கள் என்றும், ஒரே மாதிரிக் காயத்துக்கு இரண்டு விதமாக வைத்தியம் செய்து எது மேல் என்று பார்ப்பதுதான் உன் ஆராய்ச்சி என்றும் பேராசிரியர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாய். யாருக்கு எந்த வைத்தியம் என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்வோம் என்று நீ சொன்னபோது நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ‘நல்லது’ என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். அதை நீ கவனித்தாயா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் உன்னை வழியனுப்ப ஊரில் விருந்து வைத்தோம். பந்தி நடந்துகொண்டிருந்தபோது உன் சித்தப்பா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று, கை கழுவ வருகிறவர்களுக்குச் சொம்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். “சித்தப்பா ஏம்ப்பா பந்தியில உக்காரவே மாட்டேங்கறாரு?” என்று கேட்டாய். வலது கை இல்லாதவர் இடது கையால் இலையைத் தொட வேண்டியிருக்கிறது. அதை நாலு பேர் பார்க்கும்படி செய்ய அவருக்கு மனமில்லை. கை போன நாளிலிருந்து அவர் எந்த விருந்திலும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எதிர் இலையிலிருந்த உன் அத்தை முந்திக்கொண்டாள்.

“அதய ஏஞ்சாமி கேக்கற? அன்னிக்கு உன்ற கையில வெள்ளப்பூ வராம இருந்திருந்தா அவனும் இன்னிக்கு எல லைன்ல உக்காந்திருப்பான்.”

“என்ன பூ அத்தை?”

“ஒண்ணுமில்ல அம்முணி. பாயசம் ஆறுது, குடி.”

நீ குடித்தாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நீ என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அம்மாவிடம் ஏதோ கேட்டிருக்கிறாய், அவள் அழுதிருக்கிறாள். ஆகவே உனக்குப் பாதி தெரிந்திருக்கும். பாதி தெரிந்த செய்தி எவ்வளவு கெடுதல் என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். மீதியை உன் கையில் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். அத்தை சொன்னது பந்தி முழுக்கக் கேட்டது; பதிலும் அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும். அதனால்தான் நான் இத்தனை வருடம் வேலை பார்த்த பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இதைக் கொடுக்கிறேன். என் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன். டாக்டர்களின் பெயரும் ஆஸ்பத்திரிகளின் பெயரும் இதில் வராது. அவர்களில் யாரையும் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. சித்தப்பாவின் கை எப்படிப் போயிற்று, அதில் உன் பங்கு என்ன, இந்த இரண்டும் நீ ரயில் ஏறுமுன் உனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாம் சேலத்தில் இருந்தோம். நீ ஒன்றாம் வகுப்பு. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் நம் பண்ணயம், நிலமும் ஆலையும், உன் பெரியப்பாவின் கையில் இருந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி முதல் வருடம். நம் ஆலையில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உருளைகளைச் சுற்றிய மாடு போய், ஆயில் என்ஜின் வந்துவிட்டிருந்தது. மாட்டுக்கு மனிதன் போடும் சத்தம் கேட்கும், நின்றுவிடும். என்ஜினுக்குக் கேட்காது. மத்தியானம், கரும்பு கொடுத்துக்கொண்டிருந்த ஆள் சாப்பிடப் போக, சித்தப்பா அந்த இடத்தில் உட்கார்ந்தார். உருளைக்கு நடுவில் சிக்கிய சக்கையை விரலால் தள்ளினார் என்கிறார்கள். பெல்ட்டைத் தட்டிவிட்டு உருளையைப் பின்னுக்குச் சுழற்றிக் கையை எடுப்பதற்குள் முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை நசுங்கிப்போயிருந்தது. ரத்தத்தை நிறுத்த, சாறு தெளிவதற்குப் போடும் சுண்ணாம்பை அள்ளி அப்பினார்கள். அது போதாமல் அடுப்புச் சாம்பலையும் வைத்து, வேட்டியைக் கிழித்துக் கட்டி, வாழைத்தார் ஏற்ற வந்து நின்ற லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்டார்கள். இதெல்லாம் நான் கேட்டது. சேலத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கட்டைப் பிரித்தபோது நான் அங்கே இருந்தேன். உள்ளே சுண்ணாம்பு, சாம்பல், சக்கை நார், ஆயில் பிசுக்கு எல்லாம் தசையோடு சேர்ந்து கிடந்தன. நீ டாக்டர், அந்தக் காயம் எப்படிப்பட்டது என்று இதற்கு மேல் உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் தென்கோடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். விபத்துச் செய்திகளுக்காக அடிக்கடி போவதால் எனக்குப் பழக்கம். ஆலையில் மாட்டிய கை, லாரிப் பட்டறையில் நசுங்கிய விரல், கிணறு வெட்டும்போது வெடியில் சிதறிய கை என்று நம் பக்கத்துக் கைகள் எல்லாம் அவரிடம்தான் வரும். வார்டில் அவருக்குத் ‘தைக்காத டாக்டர்’ என்று பெயர். இப்படி நசுங்கிய காயத்தை அன்றே சுத்தம் செய்து தைத்து மூடிவிடுவது ஒரு முறை. சுத்தம் செய்து, தைக்காமல், உப்புநீரில் நனைத்த துணியை வைத்துத் திறந்தே விட்டு, சில நாள் கழித்து மறுபடி பார்த்து, செத்த தசை இருந்தால் எடுத்துவிட்டுப் பிறகு மூடுவது இன்னொரு முறை. இரண்டுக்கும் ஆதரவாகப் பெரிய டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். இவர் இரண்டையும் செய்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த முறை என்று முன்பே சீட்டுக் குலுக்கி எழுதி, உள்ளே வைத்து ஒட்டிய கவர்கள் ஒரு டப்பாவில் இருக்கும். ஆள் வந்ததும் நர்ஸ் மேலே இருக்கும் கவரை எடுத்துப் பிரிப்பார். ‘நீங்களே எடுத்தால் என்ன?’ என்று முன்னொரு நாள் கேட்டிருக்கிறேன்.

“என் கையில கள்ளம் உண்டுங்க,” என்றார். “எனக்குத் தெறந்து விடுததுல ஒரு பிரியம் இருக்கு. நானே எடுத்தா, தேறுத ஆளாப் பாத்து அந்தப் பக்கம் போட்டுக்கிடுவேன். எனக்கே தெரியாமப் போட்டுக்கிடுவேன்.”

சித்தப்பாவை உள்ளே கொண்டுபோகுமுன் அவர் பெரியப்பாவைக் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். “கையைக் காப்பாத்தப் பாக்கேன். ரெண்டு வழி இருக்கு. ரெண்டுல எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் கவர் எடுக்கோம். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க.” பெரியப்பா கும்பிட்டு, “நீங்க பாத்துச் செய்யுங் டாக்டரய்யா” என்றார். கவரில் திறந்து விடும் முறை வந்தது. கதவு சாத்தியதும் பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஏன்டா தம்பி, தெரியாதுங்கறாரே. தெரியாதவருகிட்டயா கொண்டாந்து போட்டிருக்கறோம்?” நான் எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த ‘தெரியாது’ அவருக்குள் இறங்கிவிட்டது.

நம் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வந்து பார்த்தாக வேண்டும். வராமல் இருப்பது பகை. மறுநாள் காலையிலிருந்து பிஸ்கட்டும் ஆரஞ்சுமாக ஊர் ஊராக வந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை தையல் என்பது. காயம் எவ்வளவு பெரியது, வைத்தியம் எவ்வளவு பெரியது, இரண்டுக்கும் அதுதான் அளவு. பெரியப்பாவிடம் சொல்வதற்கு ஓர் எண்ணிக்கை இல்லை.

“எத்தன தையலுங் மாப்ள?”

“தையல் போடலீங் மாமா.”

“போடலியா? ஏனுங், ஆஸ்பத்திரில நூலு தீந்துபோச்சுங்களா?”

இன்னொருவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னார்: “எங்கூர்ல கம்பியில கிழிஞ்ச எருமைக் காதையே தெச்சு உட்டாரு மாட்டு டாக்டரு. மனுசன் கைய இப்புடி மலத்திப் போட்டு வெச்சிருக்கறாங்க.” சிலர் சிரித்தார்கள். சித்தப்பாகூடச் சிரித்தார். அதெல்லாம் பரவாயில்லை. வராந்தாவில், பெரியப்பா காதில் விழட்டும் என்றே ஒரு பெரியவர் சொன்னது வேறு: “சர்க்கார் ஆஸ்பத்திரின்னா அப்புடித்தான். அத்தன பெரிய பண்ணயம். கூடப் பொறந்தவனுக்குன்னு செலவு பண்ண மனசு வரலயாட்ட இருக்குது.” அதைக் கேட்டபோது பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அப்பா இல்லாத எங்களை வளர்த்தவர் அவர்.

அன்று சாயங்காலம் நான் மட்டும் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையை ஒரு கம்பியில் உயரத் தொங்கவிட்டிருந்தார்கள். “அண்ணா,” என்றார், “டாக்டரு எனக்குக் கையப் பிரிச்சுக் காமிச்சாருங். செவந்த எடமெல்லாம் உசுரோட இருக்குதாம். கறுத்த எடத்த நாளான்னிக்கு எடுக்கோணுமாம். எனக்குப் புரியுதுங். நான் இங்கியே இருந்துக்கறேன்.” இதை அப்படியே போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். “படுத்துக் கெடக்கறவனுக்கு என்ன தெரியும்?” என்றார். பிறகு, “சாமிகிட்டக் கேட்டுப்போடலாம்” என்றார்.

பூப்போட்டுக் கேட்பது உனக்குத் தெரியும். கிணறு வெட்டவும் பெண் எடுக்கவும் நம் வீட்டில் அதைக் கேட்காமல் யாரும் இறங்கியதில்லை. வெள்ளை அரளியைத் தனியாகவும் சிவப்பு அரளியைத் தனியாகவும் இலையில் மடித்துச் சாமி காலடியில் உருட்டிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை வாடகைக் காரில் பெரியப்பாவும் நானும் ஊருக்குப் போனோம். பள்ளி விடுமுறை என்பதால் நீயும் அம்மாவும் சித்திக்குத் துணையாக அங்கே இருந்தீர்கள். கோயிலில் பெரியப்பா சத்தமாகவே கேட்டார்: தம்பியை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால் வெள்ளை, அங்கேயே இருக்கட்டும் என்றால் சிவப்பு. உன்னை முன்னால் நிறுத்தினார். உன் அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அன்று ஒரு முறைதான்.

“புள்ளய எதுக்குங் இதுல இழுக்கறீங்க? வேற யாராச்சும் எடுக்கட்டும்.”

“கொழந்த கையிலதான் அம்முணி கள்ளமிருக்காது,” என்றார் அவர்.

நீ குனிந்து ஒரு மடிப்பை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாய். அவர் பிரித்தார். சிவப்பு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முதலில் உன் கையில் வந்தது சிவப்பு.

பிறகு பெரியப்பா சொன்னார்: “கொழந்த பயந்துபோச்சு. கண்ண மூடிக்கிட்டு இன்னொருக்கா எடு சாமி.” பூசாரி தயங்கினார். “ஒருக்காக் கேட்டாக் கேட்டதுதானுங்.” “நீ மடிச்சு வெய்யி,” என்றார் பெரியப்பா. அவர் மடித்து வைத்தார். நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எடுத்தாய். வெள்ளை. சித்தி சாமிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நீ அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை; அண்ணன் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. அத்தை அன்று அங்கே இல்லை. அவளுக்குச் சொன்னவர்கள் முதல் பூவை விட்டுவிட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சொன்ன எல்லோருமே அதை விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நாமக்கல்லில் டீ குடிக்க நிறுத்தினோம். பெரியப்பா காரிலேயே உட்கார்ந்திருந்தார். டிரைவரிடம் நான் சும்மாதான் கேட்டேன், இனி எங்கே போகிறோம் என்று. “ஆஸ்பத்திரில ஆள ஏத்திக்கிட்டு நர்சிங் ஹோமுக்குங்,” என்றார். “நேத்தே பெரியவரு சொல்லிப்போட்டாரு. அங்க ரூமும் புடிச்சாச்சுங்.” அன்று மாலையே அந்த நர்சிங் ஹோமில் விசாரித்தேன். முந்தின நாளே ஆள் அனுப்பி அறை பிடித்திருந்தது உண்மை. ஆகவே செய்தி இதுதான், கண்ணு: முதலில் சிவப்பு வந்தது, பிறகு வெள்ளை வந்தது, இரண்டுக்கும் முந்தின நாளே அறை ஏற்பாடாகிவிட்டது. இரண்டாவது முறையும் சிவப்பு வந்திருந்தால் மூன்றாவது முறை உன்னை எடுக்கச் சொல்லியிருப்பார். உன் கை எதையும் முடிவு செய்யவில்லை. அதற்காக, முதலில் சிவப்பை எடுத்த உன் கை சரியானதைச் சொன்னது என்றும் நினைத்துக்கொள்ளாதே. அது அரளிப் பூ. நீ ஆறு வயதுக் குழந்தை.

வார்டு வாசலில் டாக்டர் எங்களைத் தடுக்கவில்லை. “கூட்டிட்டுப் போறது உங்க பாத்தியதை. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். எங்க போனாலும் ரெண்டு நாளைக்கு மூட வேண்டாம்னு சொல்லுங்க. உள்ள செத்த தசை மிச்சம் இருக்கு.” இதை ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார். பெரியப்பா அதை நர்சிங் ஹோமில் ஒழுங்காகவே கொடுத்தார். அங்கிருந்த டாக்டர் எங்களுக்கு மாமன் வழியில் உறவு. வாசித்துப் பார்த்து, “அது அவரு வழி” என்றார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. மூடுவதே சரி என்று கற்றவர், அப்படியே நம்பியவர். அழகாகத் தைத்தார். தோல் போதாத இடத்தில் இழுத்துத் தைத்தார். அன்று பார்க்க வந்தவர்களிடம் பெரியப்பா தையல் எண்ணிக்கையைச் சொன்னார். அவர் குரலில் இரண்டு நாளைக்குப் பிறகு தெம்பு இருந்தது.

காய்ச்சல் மறுநாள் ராத்திரியே தொடங்கியது. கை வீங்கித் தையல் ஒவ்வொன்றும் தசைக்குள் புதைந்தது. தோல் பித்தளை நிறமானது. விரலால் அழுத்தினால் உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல் இருந்தது. அழுத்திப் பார்த்தவன் நான். அந்த நாற்றத்தை உனக்கு எழுத மாட்டேன், நீயே ஒரு நாள் தெரிந்துகொள்வாய். அதே காரில் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். வார்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். தைக்காத டாக்டர் தையல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். பிறகு வெளியே வந்து, உயிர் வேண்டுமென்றால் முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார். அப்போதும் பெரியப்பாவைத்தான் பார்த்துச் சொன்னார். எங்கள் வீட்டில் பேச வேண்டியவர் யார் என்று அதற்குள் அவருக்கும் பழகிவிட்டிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது சித்தப்பா நினைவோடு இருந்தார். “நான் இங்கியே இருக்கறேன்னுதானுங் சொன்னேன்,” என்றார். “தெரியும்ப்பா,” என்றார் டாக்டர்.

சித்தப்பா வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. தம்பியை உங்கள் ஆராய்ச்சிக் கணக்கில் எந்த முறையின் பக்கம் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“தெறந்து விட்ட பக்கம்.”

“தைச்சது நீங்க இல்லையே. தைச்சதாலதானே கை போச்சு?”

“கவர்ல வந்தது அதுதான.”

“அப்போ, கை போனது உங்க முறையிலன்னு ஆகுமே?”

“ஆகும்,” என்றார். டீயை ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் மேலே பேசினார். “ஓடிப்போனவங்களையெல்லாம் கணக்குல இருந்து அடிச்சிட்டா மிச்சம் யாரு? காயம் சின்னதா இருந்தவங்க, பொறுமை உள்ளவங்க, கேள்வி கேக்க ஆள் இல்லாதவங்க. அவங்கள மட்டும் எண்ணினா என் முறை எப்பவும் நல்லாத்தான் தெரியும். தெறந்து கெடக்க காயத்தப் பாத்து வீட்டுக்காரங்க பயந்து தூக்கிட்டு ஓடுதாங்கன்னா, அதுவும் அந்த முறையோட கோளாறுதான். மருந்துல வாந்தி வந்தா எழுதுதோம்லா, அது மாதிரி. உங்க தம்பி என்னால போகலை. ஆனா என்கிட்ட இருந்துதான் போனாரு.”

அவர் சீக்கிரமே மாற்றலாகிப் போனார். அந்த வேலையை முடித்தாரா, எங்காவது அச்சாயிற்றா, இரண்டு முறைகளில் எது வென்றது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். ஆனால் தனக்குப் பிடித்த முறையின் பக்கத்தில், தான் செய்யாத தவறைத் தன் கையால் எழுதிய ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். உனக்கும் ஓடிப்போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை மறந்துவிட்டால் உன் ஆராய்ச்சி அழகாக இருக்கும். உன்னை விடப் பெரியவர்கள் யாராவது, மறந்துவிடு என்று அன்பாகவே சொல்லக்கூடும். ஓடிப்போகிறவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வராந்தா இருக்கிறது, அங்கே யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்.

சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியப்பாவும் டாக்டரும் தேடியது ஒன்றையேதான். கள்ளமில்லாத ஒரு கை. பெரியப்பா அதை ஆண்டவன் சொல்லும் பதிலாக எடுத்துக்கொண்டார், பிடிக்காத பதிலைத் திருப்பி அனுப்பினார். டாக்டருக்குச் சீட்டு பதில் சொல்லவில்லை. தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிற ஒரு வழி அது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதற்குள் ஒரு கை போயிற்று. உன் வார்டிலும் ஒரு நாள் வரும். கைக்குழந்தையோடு ஒருத்தி வெளியே நிற்பாள், அவள் புருஷனுக்கு உனக்குப் பிடிக்காத சீட்டு வந்திருக்கும், இன்னொரு கவரைப் பிரித்தால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். அப்போது உன் மனசு கேட்பது இரக்கத்தினால்தான். உன் பெரியப்பாவும் இரக்கத்தினால்தான் கேட்டார். வைத்தியம் தப்பென்று உனக்கு உறுதியாகத் தெரிந்தால் அந்த ஆளை ஆராய்ச்சியிலிருந்தே வெளியே எடுத்து, அதையும் எழுதி வை. இரண்டாம் முறை மட்டும் எடுக்காதே. ‘தெரியாது’ என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கதவுக்குப் பக்கத்தில், ரத்தம் காயாத சட்டையோடு நிற்கிற ஒருவரிடம் ஒரே ஒரு தரம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த நாள் வெளியே வந்து, வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் அதை இன்னொரு முறை சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். நேரம் இருந்திருக்காது. அன்று அந்த வார்டு முழுக்க அவர் ஒருவர் தலையில்தான் இருந்தது.

பெரியப்பாவைத் தப்பாக நினைக்காதே. அந்த நாளுக்குப் பிறகு அவர் பூப்போட்டுக் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற யாரையும் பார்க்கவும் போனதில்லை. ஒறம்பரையில் பாதிப் பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். காரணம் சொல்லாமலே பொறுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் வியாழக்கிழமை ஊருக்குப் போய்ச் சித்தப்பாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வெற்றிலைக் கொடிக்காலில் வரப்பின் மேல் உட்கார்ந்து கேட்டார். கோயிலில் நடந்தது வந்ததும் என்னை நிறுத்தினார்.

“செவப்பா வந்துச்சு?”

இத்தனை வருடத்தில் அது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. சித்தியும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எழுந்து போய் வாய்க்காலில் மடையை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, “கொழந்த என்னங் பண்ணும்? அச்சுல போடுங்,” என்றார். நான் கிளம்பும்போது, “ரயிலுக்கு நானும் வாரேன். அம்முணிகிட்ட ஒண்ணு கேக்கோணும்” என்றார்.

என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் கேட்கிறார்: “அங்கியே இருந்திருந்தா கை தப்பிச்சிருக்குமுங்களா அண்ணா?” அதை அந்த டாக்டரிடமே நான் அன்று கேட்டுவிட்டேன். இதைப் போல நிறையப் பேரைப் பார்த்த பிறகு பத்துப் பேரில் இத்தனை பேர் என்று ஒரு நாள் சொல்ல முடியும், இந்த ஒருவரைப் பற்றி எந்த நாளும் சொல்ல முடியாது என்றார். நான் வெறும் நிருபர் என்பதால் அந்தப் பதில் சித்தப்பாவுக்குப் போதவில்லை. நீ டாக்டர். உன்னிடம் கேட்டுவிட்டால் ஒரு முடிவு தெரிந்துவிடும் என்று இருக்கிறார். தப்பித்திருக்கும் என்று நீ சொன்னால், செத்துப்போன அண்ணனை அவர் மன்னித்து வைத்திருப்பது அங்கேயே உடைந்துபோகும். தப்பித்திருக்காது என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அது உனக்குத் தெரியாத ஒன்று. உன் ஆராய்ச்சியில் நீ பதில் சொல்லப்போகிற முதல் நோயாளி அவர்தான்.

ரயில் நகரும்போது ஜன்னல் கம்பி வழியாகச் சொல்லிவிட்டுப் போய்விடாதே. வீட்டிலிருந்து சீக்கிரமே கிளம்புவோம். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி வந்து, பெஞ்சில் அவருடைய இடது பக்கமாக உட்கார். கை இருக்கிற பக்கம் அது. அதைப் பிடித்துக்கொண்டு, தெரியாது சித்தப்பா என்று சொல்.

அப்பா